விட்டுவிட்டால் ஆச்சா?

அலாஸ்காவுக்குத் தூண்டில் போடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ், நீருக்குள் நிற்க ரப்பர் உடுப்பு, இறகும் நூலும் கட்டிப் பூச்சி வேஷம் போட்ட முள்... எல்லாம் ரெடி. அங்கே சில ஆறுகளில் ரெயின்போ ட்ரவுட்டைப் பிடித்தால், திரும்ப விட்டுவிட வேண்டும். அடுத்த வருஷமும் மீன் இருக்கணுமே!

'ஆஹா, என்ன கருணை' என்கிறீர்களா? சுவிட்சர்லாந்திலோ, விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதற்கே தடை. 2008-ல் வந்த விதி. சாப்பிடப் பிடிக்கலாம், விளையாட்டுக்கு ஓர் உயிரைத் துடிக்கவிடக் கூடாதாம்.

ஒரு சட்டம் மீன் கூட்டத்தைப் பார்க்கிறது. இன்னொன்று, முள்ளில் மாட்டிய இந்த ஒற்றை மீனை. இரண்டும் நியாயம்தான். 'அதான் விட்டுட்டேனே' என்கிற நம் நிம்மதிதான் இடிக்கிறது. விட்டது சரி, பிடித்தது எதுக்கு?

பெட்டி கட்டும் முன் யோசியுங்கள். அப்புறமும் போவதானால், முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள்.