யார் குற்றம்?

தாய்க்கும் சேய்க்கும் பாலமாய் நின்று, உணவும் பிராணவாயுவும் ஊட்டும் உறுப்பை நாம் 'நஞ்சு' என்றே அழைக்கிறோம். அந்த நஞ்சுக்கொடி சிலருக்குக் கருப்பையின் மேற்பகுதியில் பற்றாமல், கீழே பற்றிக் கருப்பை வாயை மூடிக்கொள்வதுண்டு. வலியின்றியே இரத்தம் பெருகும். ஊட்டிய உறுப்பே வழியை மறித்து நிற்கும்.

செய்தி கேட்டதும் ஓடிச் செல்கிறோம். ஆனால், கையில் பழத்தோடு நாவில் கேள்வியையும் அல்லவா கொண்டு செல்கிறோம்! "குடம் தூக்கினாயா? அலைந்து திரிந்தாயா?" நாம் அக்கறை என்று எண்ணுவது, படுத்திருப்பவளின் செவியில் தீர்ப்பாகவே விழுகிறது.

உண்மை என்ன? கரு எங்கே பற்ற வேண்டும் என்பதை எந்தத் தாயும் தேர்ந்துகொள்வதில்லை. முந்தைய பேற்றில் செய்த அறுவையின் தழும்பு இதற்கான வாய்ப்பைக் கூட்டலாம். குடம் தூக்கியதால் கொடி கீழிறங்குவதில்லை. 20ஆம் வாரத்தில் தாழ்ந்து தெரியும் கொடி, கருப்பை வளர வளரப் பெரும்பாலும் விலகிவிடுகிறது. விலகாவிடில் 36, 37 வாரங்களை ஒட்டி அறுவையால் குழந்தையை எடுக்கிறார்கள்.

ஊட்டும் உறுப்புக்கே நஞ்சென்று பெயரிட்ட நாம், சுமக்கும் தாய்மீது பழி சொல்லத் தயங்குவோமா? குற்றமின்றியும் துன்பம் வரும் என்றால், அது நம் வீட்டுக்கும் வரலாம். அந்த அச்சமே நம்மைக் குற்றவாளியைத் தேட வைக்கிறது.

அவளுக்கு வேண்டியது விசாரணை அன்று. மூத்த பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு, நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஒரு வண்டி, தேவைப்படின் நம் இரத்தம். கேள்விகளை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே செல்வோம்.