பரிசாகும் பழம்பொருள்

ஒரு பொருளைப் பிறருக்குக் கொடுக்கும்போது நாம் எதைக் கொடுக்கிறோம்? மரத்தையா, பித்தளையையா, அதற்கு நாம் செலுத்திய விலையையா, அல்லது நம் நெஞ்சில் உள்ள அன்பையா? வினா எளிது போலத் தோன்றும். ஆயினும் திருமண வீட்டுக்குப் புறப்படுமுன் கடைவீதியில் நின்று, "எதை வாங்குவது?" என்று தடுமாறிய எவரும் இதன் கடினத்தை அறிவர்.

முன்பெல்லாம் இத்தடுமாற்றம் இல்லை. குத்துப்போணி, தாம்பாளம், பன்னீர்ச்செம்பு என்று வழக்கமான பொருள்கள் இருந்தன. பின்னர் எஃகு அலமாரியும் மின்விசிறியும் வந்தன. இன்றோ அவை எல்லார் வீட்டிலும் நிறைந்துவிட்டன. எனவே, எவர் வீட்டிலும் இல்லாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை பிறந்திருக்கிறது. அந்த ஆசை பலரைப் பழம்பொருள் கடைகளுக்கு அழைத்துச் செல்கிறது. தேக்குக் கட்டில், சாய்வு நாற்காலி, பித்தளைப் பூணிட்ட பெட்டகம், வெற்றிலைச் செல்லம், ஊஞ்சற் பலகை ஆகியவை இப்போது பரிசுப் பொருள்களாகிவிட்டன. இதில் நன்மையும் உண்டு. நாம் கவனியாமல் விடும் ஒரு பொறுப்பும் உண்டு. அதனைப் பற்றியே இங்குச் சிந்திக்க விழைகிறோம்.

அன்பளிப்பின் நெறி

அன்பளிப்புச் செய்தல் நம் மார்க்கம் விரும்பும் நற்செயல். ஒருவருக்கொருவர் அன்பளிப்பு வழங்கிக்கொண்டால் நேசம் வளரும் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் அறிவுரை. அண்டை வீட்டாள் கொடுப்பது ஆட்டின் குளம்பே ஆயினும் அதனை இழிவாக எண்ணலாகாது என்றும் அவர்கள் கற்பித்தார்கள். பரிசின் பெருமை அதன் விலையில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ!

இன்னொரு நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அபூ ஜஹ்ம் (ரலி) என்னும் தோழர் பெருமானாருக்குக் கோலங்கள் பொறித்த மேலாடை ஒன்றை அன்பளித்தார். அதனை அணிந்து தொழுதபோது அதன் சித்திர வேலை கருத்தை ஈர்த்தது. தொழுகை முடிந்ததும், அதனை அபூ ஜஹ்மிடமே திருப்பிக் கொடுக்குமாறும், அவரிடமுள்ள கோலமற்ற எளிய ஆடையை வாங்கி வருமாறும் பெருமானார் பணித்தார்கள். வெறுமனே திருப்பி அனுப்பியிருந்தால் கொடுத்தவர் உள்ளம் வருந்தியிருக்கும். மற்றொன்றைக் கேட்டு வாங்கியதால் அன்பு அறுபடவில்லை என்று ஆலிம்கள் விளக்குவர். அழகுப் பொருளைப் பற்றிய நெறியும், கொடுப்பவர் மனத்தைப் பேணும் நெறியும் ஒரே நிகழ்ச்சியில் இணைந்திருப்பதை நாம் காண்கிறோம். அழகு வெறுக்கத் தக்கதன்று. ஆனால், அழகு நம்மை ஆட்கொண்டு, அதனினும் மேலானதை மறக்கச் செய்யுமானால் அங்கே நாம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழம்பொருள் வந்த வழி

தமிழகத்தில் பழம்பொருள் தேடுவோர் பெரிதும் நாடுவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவை. அங்கே கடைக்குக் கடை தூண்களும் கதவுகளும் கட்டில்களும் பீங்கான் சாடிகளும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். இவை அங்கு வந்து சேர்ந்த வரலாறு துயரம் கலந்தது. பர்மாவில் வாணிகம் செய்து பொருளீட்டிய நகரத்தார்கள் அந்நாட்டுத் தேக்கினைக் கொண்டு அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினர். 1930களில் உலக வாணிகம் நலிந்தது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். 1962-இல் அங்கு இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் வணிக நிலையங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. வருவாய் நின்றது, வீடுகள் மட்டும் நின்றன. பல பங்குகளாகப் பிரிந்த குடும்பங்கள் பராமரிக்க இயலாமல் அவற்றைப் பிரித்து விற்றன.

பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நம் கடற்கரையூர் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் கதையும் ஏறத்தாழ இதுவே. ஆகவே, பழம்பொருள் கடை என்பது பல குடும்பங்களின் தாழ்வும் வாழ்வும் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும் இடம் எனலாம்.

அங்குப் பொருள் தேர்வதற்குக் கண் பழக வேண்டும். கைகளால் இழைத்த பலகையின் அடிப்புறத்தில் இழைப்புளியின் தடம் மேடுபள்ளமாக விரலுக்குத் தட்டுப்படும். இயந்திரத்தில் அறுத்த பலகை ஒரே சீராக இருக்கும். பழைய ஆணி கொல்லன் அடித்தது. அதன் தலை ஒழுங்கற்றிருக்கும். தேய்மானம் கை படும் இடத்தில் மிகுந்தும் படாத இடத்தில் குறைந்தும் இருப்பதே இயல்பு. எல்லா இடமும் ஒன்றுபோலத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. புதிய மரத்துக்குச் சாயமேற்றி, ஆணிக்குத் துருவேற்றி, "நூற்றைம்பது ஆண்டுப் பழமை" என்று விற்பாரும் உளர். ஈரமான தானியத்தை அடியிலும் காய்ந்ததை மேலும் வைத்து விற்ற வணிகனைப் பெருமானார் கண்டித்ததை அத்தகையோர் நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1972-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டத்தின்படி, நூறாண்டுக்குக் குறையாத பழமையுடைய கலைப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் கூடாது. வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாழும் உறவினருக்குப் பழம்பொருளைப் பரிசாக அனுப்ப எண்ணுவோர் இதனை மறத்தலாகாது.

ஒரு பெட்டகத்தின் கதை

நம் உடன்பிறந்தாள் மகளின் நிக்காஹ்வுக்குப் பரிசு தேடி அத்தெருவில் ஒரு பகல் முழுவதும் அலைந்தோம். மாலையில் ஒரு கடையின் பின்கட்டில் பலாமரத்தால் ஆன பெட்டகம் ஒன்று கண்ணில் பட்டது. மூடியைத் தூக்கினோம். உட்புறத்தில் மங்கிய மையால் அரபுத்தமிழில் வரிகள் எழுதப்பட்டிருந்தன. எழுத்துக் கூட்டிப் படித்தபோது அது ஒரு குடும்பத்தின் பிறப்புக் கணக்கு என்று தெரிந்தது. முதல் வரி ஹிஜ்ரி 1351. கடைசி வரி ஹிஜ்ரி 1363 ரஜப் மாதம், அதாவது 1944-ஆம் ஆண்டு. மொத்தம் ஆறு பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு அருகே இறந்த நாளும் குறிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பெயர் ஒரு பெண்ணுடையது.

பெட்டகத்தை வாங்கினோம். ஆனால், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அந்த ஆறு பெயர்கள் நம்மை உறங்கவிடவில்லை. வணிகர் சொன்ன ஊரில் நமக்கு அறிமுகமானோர் இருந்தனர். விசாரித்தோம். தந்தை மறைந்தபின் வீடு விற்கப்பட்டது. விலையில் பெண்மக்களுக்கும் முறைப்படி பங்கு கொடுக்கப்பட்டது. ஆனால், வீட்டினுள் இருந்த கட்டிலையும் பெட்டகத்தையும் பாத்திரங்களையும் பற்றி எவரும் பேசவில்லை. "தட்டுமுட்டுச் சாமான்" என்று சொல்லி மகன் வீட்டார் விற்றுவிட்டனர். அக்கடைசிப் பெயருக்குரிய பெண்மணி அதே ஊரில் முதுமையில் வாழ்ந்து வருகிறார் என்றும் அறிந்தோம்.

எவருடைய பொருள்?

நம் வீட்டில் இது குறித்து விவாதம் எழுந்தது. "நாம் திருடவில்லை, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினோம். விற்றவர் செய்த தவறுக்கு நாம் எவ்வாறு பொறுப்பாவோம்? பழம்பொருள் ஒவ்வொன்றின் பூர்வோத்தரத்தையும் ஆராயப் புகுந்தால் உலகில் ஒன்றும் வாங்க முடியாது" என்றனர் சிலர். இவ்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சந்தையில் விற்கும் ஒவ்வொரு பொருளின் மேலும் ஐயம் கொள்ளுமாறு மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. வாழ்க்கையை அது எளிதாக்கவே விரும்புகிறது.

ஆனால், அறியாமல் வாங்குவது வேறு. அறிந்தபின் வாளாவிருப்பது வேறு. திருமறை வாரிசுரிமையைப் பேசுமிடத்தில், பெற்றோரும் உறவினரும் விட்டுச் சென்றவற்றில் ஆண்களுக்குப் பங்கு இருப்பது போலப் பெண்களுக்கும் பங்கு உண்டு என்று வலியுறுத்துகிறது. அதோடு நில்லாமல், விட்டுச் சென்றது சிறிதாயினும் பெரிதாயினும் அப்பங்கு உண்டு என்றும் தெளிவுபடுத்துகிறது. "சிறிதாயினும்" என்ற அச்சொல்லை நாம் எத்தனை முறை ஓதியிருப்போம்! ஆயினும், நிலத்தையும் வீட்டையும் பங்கிடும் நாம் அண்டாவையும் பெட்டகத்தையும் கணக்கில் சேர்ப்பதில்லை. யார் கைக்கு எட்டியதோ அது அவருடையதாகிறது. பெரும்பாலும் எட்டாமல் நிற்பது, மணமாகி வேறு வீடு சென்ற சகோதரியின் கையே!

ஆலிம் ஒருவரை அணுகினோம். பங்காளியின் பங்கை அவர் இசைவின்றி விற்கும் உரிமை எவருக்கும் இல்லை என்றும், அவரிடம் செய்தியைச் சொல்லி மனப்பொருத்தம் பெறுவதே நேரிய வழி என்றும் அவர் கூறினார்.

அப்பெண்மணியைக் காணச் சென்றோம். சிறிய வாடகை வீடு. செய்தியைச் சொல்லி, "லாத்தா! பெட்டகத்தை உங்களிடமே சேர்ப்பித்துவிடுகிறோம்; அல்லது உங்கள் பங்குக்குரிய தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "வாப்பா எழுதியதை நீங்கள் படித்தீர்களா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். படித்ததைச் சொன்னோம். ஒவ்வொரு பெயரையும் சொல்லச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டார்.

"இங்கே அதை வைக்க இடமில்லை. பணமும் வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்கே கொடுங்கள். என் பங்கு என் ஹதியா என்று சொல்லுங்கள். எழுத்தை மட்டும் அழித்துவிட வேண்டாம், கீழே இடமிருந்தால் அவள் தன் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்ளட்டும்" என்றார். அவருடைய மற்றச் சகோதரிகளின் வாரிசுகள் யார் எவர் என்பதையும் அவரே சொல்லி, அவர்களுடைய இசைவையும் பெற்றுத் தந்தார்.

விலை கொடுத்து வாங்கிய அன்று அப்பெட்டகம் நமக்குச் சொந்தமாகிவிட்டது என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அந்த மூதாட்டி மனமுவந்து "கொடுங்கள்" என்று சொன்ன அன்றுதான், கொடுப்பதற்குரிய தகுதி நமக்கு வந்தது.

சில முடிவுகள்

இதனால் பழம்பொருளை வாங்கலாகாது என்று நாம் சொல்ல வரவில்லை. நல்ல தச்சனின் உழைப்பு விறகாகாமல் காக்கப்படுவது நன்றே. ஆனால், வாங்குமுன் இரண்டொரு வினாக்களைக் கேட்பது கடமை. இது எந்த வீட்டிலிருந்து வந்தது? விற்றவருக்கு விற்க உரிமை இருந்ததா? பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ மதரஸாவுக்கோ வக்பு செய்யப்பட்ட விளக்கோ, குர்ஆன் ஓதும் பலகையோ நம் வரவேற்பறையில் அழகுப் பொருளாக நிற்றல் தகுமா? அவ்வாறே பிற சமயத்தார் புனிதமாகப் போற்றிய பொருளை வேடிக்கைப் பொருளாக்குவதும் பண்பாகாது.

இரண்டாவதாக, பரிசு சீராக மாறிவிடாமல் காக்க வேண்டும். மனமுவந்து கொடுப்பதே அன்பளிப்பு. கேட்டுப் பெறுவது கைக்கூலியின் மறுபெயர். "மாமன் வீட்டார் தேக்குக் கட்டில் தந்தனர், நீங்கள் என்ன தந்தீர்கள்?" என்ற சொல் ஓர் ஏழைத் தகப்பனின் நெஞ்சில் எத்தகைய முள்ளாகத் தைக்கும்! அருமை மகளார் பாத்திமா (ரலி) அவர்களுக்குப் பெருமானார் கொடுத்தனுப்பியவை ஒரு போர்வை, ஒரு தோற்பை, புல் அடைத்த தோல் தலையணை என்பதை எண்ணிப் பார்ப்போமாக.

மூன்றாவதாக, தனிச்சிறப்புள்ள பரிசு பழையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நெல்லைச் சீமையின் பத்தமடையில் நம் லெப்பைக் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாயை விடச் சிறந்த மணப்பரிசு எது? தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை உலர்த்தி, ஊறவைத்து, நூலிழை போலக் கிழித்து, தரையோடு தரையாக அமைந்த தறியில் பல நாள் குனிந்திருந்து நெய்வர். மணமக்களின் பெயரையும் மண நாளையும் பாயிலேயே நெய்து தருவதும் உண்டு. 1953-இல் இங்கிலாந்து அரசியார் முடிசூடிய விழாவுக்கு அன்பளிப்பாகச் சென்றதும் இவ்வூர்ப் பாயே. அதனை வாங்கும்போது, இன்று உழைப்பவர் கைக்குக் கூலி சேர்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தினர் நாம்; அக்கைகள் ஓயுமுன் அவற்றை நாடிச் செல்வதும் நம் கடமையன்றோ!

நான்காவதாக, எல்லாவற்றினும் உயர்ந்த பழம்பொருள் கடையில் இல்லை; நம் வீட்டிலேயே இருக்கிறது. நாம் நேசிப்பதிலிருந்து கொடுக்காதவரை நன்மையை அடைய மாட்டோம் என்று திருமறை கூறக் கேட்ட அபூ தல்ஹா (ரலி) அவர்கள், தமக்கு மிக விருப்பமான பைருஹா தோட்டத்தையே அறமாகக் கொடுத்தார்கள். உம்மும்மா பயன்படுத்திய வெற்றிலைச் செல்லத்தை, உடன்பிறந்தார் அனைவரும் இசைந்து, பேத்திக்குக் கொடுத்துப் பாருங்கள். அதற்கு இணையான ஒன்றை எந்த வணிகராலும் விற்க முடியாது.

அந்தப் பெட்டகம் இன்று நம் மருமகளின் வீட்டில் இருக்கிறது. ஆறு பெயர்களுக்குக் கீழே, சற்று இடைவெளி விட்டு, ஏழாவதாக ஒரு குழந்தையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. குருதியால் தொடர்பில்லாத இரு குடும்பங்கள் ஒரு பலகையில் உறவாயின.

கொடுக்கும் கையைத் தூய்மையாகவும், கொடுக்கும் பொருளைப் பிறர் உரிமை கலவாததாகவும் வல்லோன் அல்லாஹ் நமக்கு ஆக்கியருள்வானாக! ஆமீன்.