தலையில் அடிபட்டவரின் வீட்டில் முடிவு யாருடையது?

தலையில் பலத்த அடிபட்ட ஒருவரை மருத்துவமனை சில வாரங்களிலோ மாதங்களிலோ வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பிறகான ஆண்டுகள் குடும்பத்தின் பொறுப்பு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்புக்குள் அரசே ஏற்க வழிசெய்தது. உயிரைக் காப்பதற்கு அந்த நேரம் முக்கியமானது. நடக்கவும் விழுங்கவும் பேசவும் நினைவில் வைக்கவும் மறுபடி பழகும் காலம் அதன் பின்னரே வருகிறது. முன்னேற்றம் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களில் வேகமாகத் தெரியும், பிறகு மெதுவாகும், இரண்டு ஆண்டுகளுக்கு அப்பாலும் சிறுகச் சிறுகத் தொடரலாம். இந்தக் காலம் முழுவதும் அடிபட்டவருக்காகக் குடும்பம் எதையெல்லாம் தீர்மானிக்கலாம், எதைத் தீர்மானிக்கக் கூடாது என்பது ஓர் அறக் கேள்வி. அதை ஒட்டிய இன்னொன்று பல வீடுகளில் எழுவதே இல்லை: அவரைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்று தீர்மானித்தபோது, அந்த ஆளிடம் யாராவது கேட்டார்களா?

ஐ.சி.யூ.வில் குடும்பம் முடிவெடுப்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. நினைவில்லாதவரால் படிவத்தில் கையெழுத்திட முடியாது. 1974-ல் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த கிளாஸ்கோ கோமா அளவுகோல் கண் திறப்பு, பேச்சு, அசைவு ஆகியவற்றைப் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் தருகிறது. 8-ம் அதற்குக் கீழும் கடுமையான காயம். எண் ஏறும்போது வாசலில் காத்திருப்பவர்களுக்கு உயிர் வருகிறது. ஆனால் 15 என்பது ஆள் விழித்துவிட்டார் என்பதை மட்டுமே சொல்லும். அவர் பணத்தைச் சரியாக எண்ணுவாரா, கோபத்தை அடக்குவாரா, அடுப்பை அணைக்க மறப்பாரா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை. இதனால் இரண்டு விதமான தவறு நேர்கிறது. சில வீடுகளில், கண் விழித்துப் பேசியதுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி மனிதரைப் பழைய வேலைகளுக்குள் தள்ளிவிடுகிறார்கள். வேறு சில வீடுகளில், மருத்துவமனைப் பழக்கமே நிலைத்துவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்தும் அவர் என்ன சட்டை போடுவது என்பதை வேறொருவர் சொல்கிறார்.

நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதி காயப்பட்டால் ஒரு செயலைத் தானாகத் தொடங்கும் திறனும் கோபத்தைக் கட்டுப்படுத்தும் திறனும் குறையலாம். பல் துலக்கச் சொன்னால் துலக்குவார். சொல்லாவிட்டால் மதியம் வரை அப்படியே உட்கார்ந்திருப்பார். தன்னிடம் குறை இருப்பதையே உணராத நிலையும் உண்டு. உறவினர் கண்ணுக்குச் செயலைத் தொடங்காதது சோம்பேறித்தனமாகவும் குறையை உணராதது திமிராகவும் தெரிகிறது. காயத்தைக் குணக்கேடாகப் படிப்பது அநீதி. அதற்காக, அவர் கை ஓங்கினால் மனைவி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நியாயம் ஆகாது. அடி ஏன் விழுகிறது என்பதற்கு மூளைக் காயம் காரணம் சொல்லும். அந்த அடியைப் பொறுத்துக்கொள்ளும் கடமையை அது யார் மீதும் சுமத்தாது.

1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை வேலையின்போது பினியஸ் கேஜ் என்பவரின் மண்டையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் பிழைத்தார், ஆனால் முரட்டு மனிதராக மாறிவிட்டார் என்பதுதான் பாடநூல்கள் சொல்லும் கதை. பின்னாளில் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார் என்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். முதல் ஆண்டில் கண்ட ஆளை வைத்துக் கடைசித் தீர்ப்பு எழுதக் கூடாது என்பதற்கு அந்த விடுபட்ட பகுதியே போதும்.

முடிவெடுக்கும் திறன் மொத்தமாக இருக்கிறது அல்லது இல்லை என்று பார்ப்பதைவிட, விஷயம் விஷயமாகப் பார்ப்பதே சரி. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், ஒருவர் எடுத்த முடிவு புத்திசாலித்தனமாக இல்லை என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான வரம்புள்ள பாதுகாவலரைப் பற்றிப் பேசுகிறது. பாதுகாவலர் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். வீட்டு நடைமுறையில் இதன் பொருள் எளியது. சேமிப்புக் கணக்கை ஒருவர் கவனித்துக்கொள்ளலாம். ஆனால் டீக்கடைக்குப் போக அடிபட்டவர் சட்டைப்பையில் ஐம்பது ரூபாய் இருக்க வேண்டும், அது தொலைந்தாலும் சரி. பைக் அப்படி அல்ல. தலைக்காயத்துக்குப் பின் வலிப்பு வரும் அபாயம் உண்டு. ஓட்டும்போது வந்தால் சாவது வேறு யாராகவும் இருக்கலாம். அங்கே குடும்பம் சாவியை வாங்கி வைப்பது அத்துமீறல் ஆகாது.

சாவியை எப்படி வாங்கி வைக்கிறார்கள் என்பதில்தான் சறுக்கல். ‘வண்டி சர்வீஸுக்குப் போயிருக்கு’ என்று சொல்லிவிடுவது சுலபம். நினைவு நிற்காதவரிடம் அதையே தினமும் சொல்லலாம். பிடிபடாது என்பதே அந்தப் பொய்யை மோசமாக்குகிறது. இதைவிடக் கடினமான நிலைமை ஒன்று உண்டு. ஒரே விபத்தில் பின்னால் உட்கார்ந்து வந்த தம்பி இறந்திருப்பான். பிழைத்த அண்ணன் ‘தம்பி எங்கே’ என்று மணிக்கொரு முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு. நேற்று நடந்தது இன்று நினைவில் நிற்காத குழப்பக் காலத்தில் பேச்சை மாற்றுவதைக் கொடுமை என்று சொல்ல முடியாது. நினைவு ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்குத் தொடரத் தொடங்கியபின் மறைப்பது வேறு கணக்கு. அப்போது அவரிடமிருந்து பறிபோவது அவர் அழவேண்டிய அழுகை. கருமாதியும் முடிந்து, ஊரே அறிந்த ஒன்றை அவர் மட்டும் அறியாமல் இருப்பது அவரைக் குடும்பத்துக்கு வெளியே நிறுத்துகிறது.

இனிப் பார்த்துக்கொள்பவர். 2020-ல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், மூளையில் கடும் பாதிப்படைந்த ஒரு சிறுமிக்கு வாழ்நாள் உதவிக்கான தொகையைக் கணக்கிட்டது. ஒருவர் 12 மணி நேரம் என்ற வகையில் இரண்டு உதவியாளர், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், ஆண்டுத் தொகையைப் பெருக்கும் எண் 18 என்று 21.6 லட்சம் ரூபாய் வந்தது. கூலி குறைவு என்று வாதிடலாம். இரண்டு ஆள் வேண்டும் என்பதில் வாதம் இல்லை. நீதிமன்றக் கணக்கில் இரண்டு பேருக்கான அந்த வேலையை வீட்டில் பெரும்பாலும் ஒரே பெண் செய்கிறாள், சம்பளம் இல்லாமல், இரவிலும். கூடத்தில் அமர்ந்து ‘அண்ணி பார்த்துக்குவாங்க’ என்று முடிவு செய்தவர்கள் பலராக இருப்பார்கள். அண்ணியிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அடிபட்டவரிடம் சம்மதம் கேட்பதைப் பற்றி இவ்வளவு பேசும் அறம், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை அவரைத் திருப்பிப் படுக்கவைப்பவளின் சம்மதத்தைக் கடமை என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோவது முரண்.

கடமை இல்லை என்பதல்ல. அது மொத்தக் குடும்பத்தின் கடமை. ஒருத்தி மேல் விழுந்தால் மற்றவர்கள் அதைத் தட்டிக்கழிக்கிறார்கள் என்றே பொருள். பணம் அனுப்பும் தம்பி வருடத்தில் சில வாரம் வந்து இரவில் கண்விழிக்கவும் வேண்டும். அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், ஆள் உடலால் இருந்தும் பழைய ஆளாக இல்லாமல் போகும் இழப்பைப் பற்றி 1999-ல் ஒரு நூல் எழுதினார். அந்த இழப்புக்குத் துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. ஆகவே, ஆள் உயிரோடு இருக்கும்போதே அழும் மனைவியை நன்றி கெட்டவள் என்று நினைக்கும் வீடுகள் உண்டு. கணவனின் குணம் முற்றிலும் மாறியபின் பிரிய நினைப்பவளை ஊர் தூற்றுகிறது. அடிபட்ட மனைவியைத் தாய் வீட்டில் விட்டுவருபவனிடம் அதே ஊர் அவ்வளவு கேள்வி கேட்பதில்லை.

சொத்து விஷயத்தில் அதிகாரமும் வேலியும் சேர்ந்தே வர வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த கணவரின் சொத்தைச் சிகிச்சைக்காகவும் குடும்பத்துக்காகவும் விற்க மனைவியைப் பாதுகாவலராக நியமித்தபோது, விற்ற தொகையில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் வைப்புநிதியாகப் போடச் சொன்னது. நீதிமன்றம் போகாத வீடுகளிலும் இதுபோன்ற கணக்கு வேண்டும்: இழப்பீட்டில் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு பார்த்துக்கொள்பவருக்கு, பெற்றோருக்கு வயதாகிவிட்டால் அடுத்த பொறுப்பு யாருக்கு. அந்தப் பேச்சு நடக்கும்போது அடிபட்டவர், பார்த்துக்கொள்பவர் இருவருமே அறையில் இருக்க வேண்டும். அடிபட்டவருக்கு வார்த்தை வர நேரமாகும் என்றால், பேச்சை அந்த வேகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.