விலையில்லாத ஒரு மிடறு



தசலட்சணப் பருவத்தின்போது பேரணாம்பட்டில் ஓர் அன்பர் இல்லத்தில் சில குடும்பங்கள் கூடியிருந்தன. அன்றைக்கு உரிய அறம் உத்தம சௌசம். சௌசம் என்றால் குளித்து முழுகும் தூய்மை என்று நம்மிற் பலர் எண்ணுவதுண்டு. ஆசிரியப் பெருமக்கள் அதற்குத் தந்த பொருள் வேறு. உலோபம் என்னும் அழுக்கு உள்ளத்தினின்றும் நீங்குவதே சௌசம். இதனை விளக்கி, கதிரவன் மறையுமுன் உணவு முடிக்க வேண்டுமே என்ற எண்ணத்தோடு உரையைச் சுருக்கி எழுந்தேன். அப்போது பின்வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, ஒரு ஐயம்" என்றார்.

அவர் பெங்களூரில் வணிக ஆலோசனை கூறும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர். வி.கோட்டை வழியாகக் கணவாய் ஏறி இறங்கிப் பெற்றோரைக் காண வந்திருந்தார். பெங்களூரில் 2010ஐ ஒட்டித் தோன்றி இன்று பெருகிவிட்ட ஒருவகைக் கூடங்களை அவர் விவரித்தார். பீரை அங்கேயே கொப்பரைகளில் புளிக்கவைத்து, அங்கேயே குழாய் வழியே பிடித்து விற்பார்களாம். வருவோர் எதை வாங்குவது என்று தெரிவு செய்வதற்காகச் சின்னஞ்சிறு கண்ணாடிக் குவளைகளில் மூன்று நான்கு வகைகளை விலையின்றிச் சுவைக்கத் தருவார்களாம். அவ்வாறு தருவது ஆதாயமா, நட்டமா, தொடரலாமா, நிறுத்தலாமா என்று ஆராய்ந்து எழுதும் பணி இவரிடம் வந்திருக்கிறது. "நான் குடிக்கப்போவதில்லை, விற்கப்போவதுமில்லை. கூட்டிக் கழித்துச் சொல்லப்போகிறேன். இதில் எனக்குத் தோடம் உண்டா?" என்பது அவர் வினா.

அவருடைய தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். "இந்த வயதில் கிடைத்த நல்ல வேலை ஐயா" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அன்று நான் கூறிய விடை முழுமையானது அன்று. பின்னர் நூல்களைப் புரட்டியும் சிந்தித்தும் கண்டவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாதிரி காட்டுதல் என்னும் வழக்கத்தைப் பார்ப்போம். அது குற்றமுள்ளதன்று. நம் முன்னோரிற் பலர் நெல்லும் பயறும் விற்றவர்கள். மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்துக் காட்டாத மண்டிக்காரர் உண்டா? வெல்லக்கடையில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் இடுவதும் அப்படியே. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோலை விற்போரும் மாதிரித் துண்டுகளை அனுப்பித்தான் விலை பேசுகிறார்கள். பொருளை மறைக்காமல் காட்டி விற்பது அசௌரிய விரதத்துக்கு உகந்ததே. வாங்கிய பின் பிடிக்காமல் ஒரு முழுக் குவளையைக் கொட்டுவதைவிட ஒரு மிடறு சுவைத்துத் தெளிவது மேல் என்று அந்தக் கூடத்தார் கூறுவாராயின், அந்த நயத்தில் அதுவும் உண்மையே. அநேகாந்தம் கற்ற நாம் எதிர்ப்பக்கத்து நியாயத்தைக் காணாதவர்போல் நடிக்கலாகாது.

(தோலைச் சான்றுக்கு எடுத்தேன், தோல் பதனிடும் வட்டாரத்தில் நின்று, காலில் செருப்புமிட்டுக்கொண்டு கொல்லாமை பேசுபவனுக்கு அடக்கம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தனியே எழுதப்படவேண்டிய பொருள்.)

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அரிசியைக் கையில் வாங்கிப் பார்ப்பவரின் கண் அதனால் மங்குவதில்லை. தோலைத் தடவிப் பார்ப்பவரின் விரல் மரத்துப்போவதில்லை. பார்க்கப்படும் பொருள் வேறு, பார்க்கும் அறிவு வேறு என்று அங்கே இரண்டும் தனித்து நிற்கின்றன. மதுவிலோ, சோதிக்கப்படும் பொருள் சோதிக்கும் அறிவையே போய்ப் பற்றுகிறது. நான்கு சிறு குவளைகளைச் சுவைத்த பின் ஐந்தாவதை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்பவர், உள்ளே நுழைந்தபோது இருந்த அதே மனிதர் அல்லர். துலாக்கோலின் முள்ளையே வளைத்துவிட்டு எடை பார்க்கச் சொல்வது போன்றது இது. பத்தாம் நூற்றாண்டினராகிய அமிர்தசந்திர ஆசாரியர் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் மதுவின் குற்றத்தை இந்த வரிசையிலேயே வைக்கிறார். மது மனத்தை மயக்கும். மயங்கிய மனம் அறத்தை மறக்கும். அறத்தை மறந்தவன் கூசாமல் இம்சை புரிவான். முதற்படியை அவர் அறிவின் கேட்டிலே வைத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து அவர் கூறும் காரணம், மது எண்ணற்ற உயிர்களின் பிறப்பிடம் என்பது. பீர் எவ்வாறு உண்டாகிறது என்பதை அந்த இளைஞரே சொன்னார். வாற்கோதுமையை நனைத்து முளைவிடச் செய்து உலர்த்துவார்கள். அதை உடைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுப்பார்கள். ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவை இட்டுக் கொதிக்கவைத்து, ஆறிய பின் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைச் சேர்ப்பார்கள். அது இனிப்பை உண்டு கோடிகோடியாய்ப் பெருகும். அவ்வாறு உண்ட இடத்தில் ஆல்கஹாலும் கரியமில வாயுவும் எஞ்சும். கலங்கலைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஒரு பசையைச் சேர்க்கும் வழக்கமும் இங்கிலாந்து போன்ற நாடுகளில் நெடுங்காலம் இருந்தது. நுண்ணோக்காடி இல்லாத காலத்தில் புளித்த நீருக்குள் உயிர்த்திரளைக் கண்டு சொன்ன நம் ஆசாரியர்களை எண்ணி வியக்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆசாதரர் தம் சாகார தர்மாமிர்தத்தில் இரண்டு நாள் கடந்த தயிரையும் பூஞ்சை பூத்த காடியையும்கூட மது விலக்கிய விரதிக்கு அதிசாரம் என்று எண்ணினார். அத்தகைய நுட்பம் உடைய மரபில் பிறந்தவர்க்கு, குவளை சிறியது என்பது விடையாகாது.

"மிகச் சிறிய அளவுதானே" என்பதற்கு இக்கால மருத்துவமும் இடங்கொடுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. எந்த அளவு மதுவையும் உடலுக்குத் தீங்கற்றது என்று கூற இயலாது என 2023 சனவரியில் அந்நிறுவனம் அறிவித்தது.

இனி, விலையின்மை. அன்று பேசிய சௌசத்தோடு நேரே தொடர்புடையது இதுவே. பொருளுக்கு உள்ள விலை ஒரு வேலி. கையைப் பையில் இடும் அந்தக் கணத்தில் மனிதன் ஒருமுறை எண்ணிப் பார்க்கிறான். இலவசம் என்றதும் அந்த வேலி விழுகிறது, "விடுவானேன்?" என்னும் உலோபம் முன்னே வந்து நிற்கிறது. காசு கொடுத்து ஒருநாளும் பீர் வாங்கியிராத கை, இலவசக் குவளைக்கு நீள்வதன் இரகசியம் இதுதான்.

இந்த இரகசியத்தை வணிக உலகம் நன்கு அறியும். தேநீர் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைப் பாருங்கள். 1903இல் வந்த தேயிலைத் தீர்வைச் சட்டத்தால் திரண்ட பணத்தைக் கொண்டு பரப்புரை செய்தார்கள். 1930களில் ஊர் ஊராகச் சென்று தேநீர் போடும் முறையைக் காட்டி, வந்தவர்க்கெல்லாம் இலவசமாக ஊற்றித் தந்தார்கள். கூழும் நீராகாரமும் குடித்துக்கொண்டிருந்த வீடுகளில் இன்று தேநீர் இல்லாமல் பொழுது விடிவதில்லை. தேநீர் அறிவை மயக்குவதன்று. ஆகவே அதைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. இலவசக் குவளைக்கு உள்ள ஆற்றலுக்குச் சொன்னேன். அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுக்கடைக்காரர்கள் ஒரு குவளை வாங்கினால் பகலுணவு இலவசம் என்றார்கள். அந்த உணவு பெரும்பாலும் உப்பு மிகுந்தது. உப்பு தாகத்தைத் தரும். தாகம் அடுத்த குவளையைக் கேட்கும். உணவின் விலையை உண்டவர்களே கொடுத்தார்கள்.

"நாங்கள் தருகிறோம்" என்று அவர்கள் சொல்லும்போது தானம் என்ற சொல் நம் நினைவுக்கு வரலாம். நம் அறநூல்கள் கூறும் தானம் உணவு, மருந்து, கல்வி, அபயம் என்னும் நான்கு. பெறுபவனுடைய பசியோ பிணியோ அறியாமையோ அச்சமோ அதனால் தீரவேண்டும். பெற்றவனை முன்னிலும் தேவையுடையவனாக ஆக்குவது தானமாகாது. அதற்குச் சாத்திரம் வைத்த பெயர் வேறு. குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதத்தில் விலக்கப்பட்டவை ஐந்து. அவற்றுள் ஒன்று இம்சாதானம்: வாள், நஞ்சு, தீ போன்ற கேடு தரும் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தல். கொடுப்பவன் கொல்லவில்லை, கொடுத்ததற்கு விலையும் பெறவில்லை, ஆயினும் குற்றம். சமந்தபத்திரர் இரத்தின கரண்டகத்தில் இதை வகுத்தார். நம் தமிழ் அருங்கலச் செப்பு அந்நூலின் வழி வந்ததாதலால் நம் வீட்டுப் பெரியோர் பலருக்கு இது மனப்பாடம். மது, ஊன், தேன் மூன்றையும் விலக்குவதை இல்லறத்தானின் மூல குணங்களுள் அப்பெருமான் வைத்ததையும் இங்கே நினைவுகூர்க.

ஆகவே அக்கூடங்கள் விலையின்றிச் சுவைக்கத் தரலாமா என்ற வினாவுக்கு என் விடை, தரலாகாது என்பதே. விற்பனையே ஆகாது என்பவன், இலவசத்தை மட்டும் ஏன் தனியே பேசவேண்டும் என்று கேட்கலாம். உலகம் நம் விரதத்தைக் கேட்டு நடக்கவில்லை. இராசாசி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு ஈராண்டுக்குள் நம் வட ஆற்காட்டுக்கும் வந்தது. 1971இல் தமிழ்நாட்டில் தளர்ந்தது. மீண்டும் வந்தது, மீண்டும் போனது. 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக்கிடமே இருக்கிறது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கிச் செல்லுமாறு அரசுக்கு வழி காட்டிக்கொண்டே இருக்கிறது. மதுவுக்கு விளம்பரம் கூடாது என்று தொலைக்காட்சிக்கு விதி செய்த நாட்டில், நாவிலேயே ஊற்றிக் காட்டும் விளம்பரத்தை ஏன் பொறுக்கவேண்டும்? விற்றே தீருவேன் என்பவர், சுவை பார்க்கும் குவளைக்கும் விலை வைக்கட்டும். அந்த வேலியாவது நிற்கட்டும்.

பேரணாம்பட்டில் நம் அண்டை அயலாரான இசுலாமியப் பெருமக்கள் மது விலக்கை மார்க்கக் கடமையாகக் கொண்டவர்கள். அவர்கள் வீட்டுத் திருமணத்தில் உணவுப் பந்தியில் நமக்கு இடர்ப்பாடு உண்டு. குவளையைப் பற்றிய இடர்ப்பாடு ஒருநாளும் இல்லை. பழச்சாற்றை நம்பி வாங்கிக் குடிக்கலாம். ஆம்பூர்ப் பக்கம் மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகையில் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியங்கள் மங்கி எஞ்சியுள்ளன. அங்கே வாழ்ந்த அறவோர் சென்ற பின்பும் இந்த ஒரு விரதத்துக்கு இவ்வூரில் துணை இருக்கிறது என்று நான் எண்ணுவதுண்டு.

இனி அந்த இளைஞரின் வினா. குடிக்கவில்லை, விற்கவில்லை, கணக்குத்தான் என்றார். செய்தல், செய்வித்தல், செய்தற்கு உடன்படுதல் என மூன்றும் மனம், மொழி, மெய்களால் நிகழும். அவற்றுள் எதுவும் தப்புவதில்லை என்பது நம் கோட்பாடு. அனர்த்த தண்டம் ஐந்தனுள் பாபோபதேசமும் ஒன்று. பிறர் பாவத் தொழிலைப் பெருக்கிக்கொள்ள வழி சொல்லித் தருதல் அது. "இலவசமாகத் தந்தால் இத்தனை பேர் கூடுதலாக வாங்குவர்" என்று எழுதும் எழுதுகோல் அந்த இடத்தில்தான் நிற்கிறது. இதை நான் சொன்னபோது அவர் முகம் வாடியது. வேலையை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. வீட்டுக்கடனைக் கட்டுபவன் நான் அல்லன். "இந்த ஒரு கணக்கை வேறொருவருக்கு மாற்றித் தரக் கேட்டுப் பார்" என்றேன். வேறொருவர் எழுதினாலும் அது எழுதப்படத்தானே போகிறது என்றார். உண்மைதான். "எழுதுவது உன் கையாக இராது, உன்னால் இயன்றது அவ்வளவே" என்றேன். அந்த விடை அவருக்கும் நிறைவு தரவில்லை, எனக்கும் தரவில்லை.

எல்லோரும் எழுந்த பின் அவருடைய தாயார் அருகில் வந்து, நாங்கள் யாரும் கேட்காததைக் கேட்டார்: "நீ அதை நாவில் வைத்தாயா, தம்பி?"

அவர் சற்று நேரம் பேசவில்லை. "இரண்டு முறை, அம்மா. காசு கேட்கவில்லை, மறுக்கக் கூச்சமாக இருந்தது" என்றார்.

அந்த அம்மையார் அழவில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. பொழுது சாய இன்னும் சிறிது நேரமே இருந்தது. வடிகட்டி வைத்திருந்த நீரை ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்து, "உண்டுவிட்டுப் பேசலாம், வா" என்று இலைக்கு அழைத்தார். அனந்த சதுர்தசியன்று அவர் மீண்டும் விரதம் ஏற்றார். அடுத்த திங்கள் அவரிடமிருந்து கடிதம் வந்தது. மேலதிகாரி அந்தக் கணக்கை வேறொருவரிடம் மாற்றிவிட்டாராம். இவருக்கு ஒரு நூற்பாலையின் கணக்கு வந்திருக்கிறதாம். அதற்குரிய ஊக்கத்தொகை குறைவாம். நூற்பாலையில் தோடம் ஏதும் உண்டா என்று இறுதியில் கேட்டிருந்தார். அதற்கு இன்னும் விடை எழுதவில்லை.