பயிற்சியாளர்களை உருவாக்கியவர்

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், பீச் பழக்கூடைகளை உயரே மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கிவைத்தார் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பின்னர் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பயிற்சியாளரானார். அங்கே அவர் அணியின் கணக்கு 55 வெற்றி, 60 தோல்வி.

அதே ஊரின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து, 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களைத் தயார்செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. ஆனால், ஆட்டம் சொல்லித்தரும் ஆசிரியர்களை ஆண்டுதோறும் உருவாக்கி ஊர் ஊராக அனுப்பியதுதான் அவரது பெரும்பணி. பதக்கப் பட்டியலில் இது ஏறாது. களமருதூர் போன்ற சிற்றூர்களில் விசிலும் கையுமாகப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் பி.டி. மாஸ்டருக்குப் பாதை போட்டது இதுதான்.

1943-இல் மறையும்வரை பக் அந்தக் கல்லூரியை விடவில்லை. நந்தனத்தில் அது இன்றும் நடக்கிறது.