பிரிகேடியர் உஸ்மான்: மார்க்கமும் வாக்கும்

1947இல் நாட்டோடு பட்டாளத்தையும் பங்கு போட்டபோது பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்குப் போனது. பத்தாண்டுக்கு மேலாக அதில் பணியாற்றிய முகமது உஸ்மான் அதோடு போகவில்லை. அசம்கர் மாவட்டத்தில் 1912இல் பிறந்து, இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் பயிற்சி பெற்று, 1934இல் அதிகாரியானவர் அவர். பாகிஸ்தானுக்கு வந்தால் பெரிய பதவி காத்திருக்கிறது என்று அவருக்கு ஆசை காட்டியதாகச் சொல்வார்கள். அவரோ டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றலாகி இந்தியாவிலேயே இருந்துவிட்டார். சில மாதங்களில் காஷ்மீரில் போர் மூண்டது. எதிரே வந்தவர்கள் ஜிகாத் என்று முழங்கிய முஸ்லிம்கள்.

மார்க்கப் பற்றுள்ள ஒருவர் அவர்களை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்தலாமா? முஃமினை, அதாவது இறைநம்பிக்கையாளரை, வேண்டுமென்றே கொல்வது பெரும்பாவம் என்கிறது குர்ஆன். அதே குர்ஆனின் எட்டாம் அத்தியாயம், மார்க்கத்தின் பேரால் உதவி கேட்போருக்கு உதவுங்கள் என்று சொன்ன கையோடு, உடன்படிக்கை செய்துகொண்ட மக்களுக்கு எதிராக மட்டும் அது ஆகாது என்று விலக்கும் வைக்கிறது. கொடுத்த வாக்கு மத உறவுக்கும் மேலே நிற்கும் இடம் இது. தேவ்பந்த் அறிஞர் ஹுசைன் அகமது மதனி, பல மதத்தாரும் சேர்ந்து ஒரே தேசமாக வாழ இஸ்லாம் இடம் தருகிறது என்று 1938இல் வாதிட்டார். மதீனாவில் நபிகள் யூதக் குலங்களையும் சேர்த்துச் செய்த ஒப்பந்தம் அவருக்கு ஆதாரம். கவிஞர் இக்பால் இதைக் கடுமையாக மறுத்தார். நிலத்தை வைத்துச் சமுதாயத்தை வரையறுத்தால் மார்க்கம் சுருங்கிவிடும் என்ற அவருடைய அச்சத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1947 அக்டோபரில் காஷ்மீரின் பாரமுல்லாவுக்குள் ஜிகாத் என்று புகுந்தவர்கள் முஸ்லிம் வீடு, இந்து வீடு என்று பார்த்துக் கொள்ளையடிக்கவில்லை. ஜிகாத் என்ற பேச்சு அங்கேயே செல்லாக்காசாகிவிட்டது.

இந்தக் கேள்விக்கு உஸ்மானின் பதில் அவர் நடந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. டிசம்பரில் ஜங்கர் என்ற ஊர் இந்தியப் படையின் கைவிட்டுப் போனது. 50ஆவது பாராசூட் பிரிகேடின் தளபதியாக இருந்த அவர், அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் எடுத்தார். மலைக்குளிரில் தரையில்தான் தூக்கம். தோல்வியின் பாரத்தைச் சிப்பாய்களின் தலையில் கட்டாமல் தம் உடம்பின் மேல் ஏற்றிக்கொண்டதால்தான் இந்தச் சபதம் வெறும் வீறாப்பிலிருந்து வேறுபடுகிறது. 1948 பிப்ரவரியில் நௌஷேராவைக் காத்தார். மார்ச்சில் ஜங்கர் மீண்டது. அன்றிரவு படுக்க முகாமில் கட்டில் இல்லை, பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவல் வாங்கி வந்தார்கள் என்பார்கள். மணம் செய்துகொள்ளாதவர், மதுவைத் தொடாதவர், சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தவர்.

1948 ஜூலை 3 அன்று ஜங்கரில் பீரங்கிக் குண்டு ஒன்று அருகில் விழுந்து வெடித்ததில் உயிரிழந்தார். 36ஆம் பிறந்தநாளுக்கு 12 நாள் இருந்தது. அந்தப் போரில் உயிர்விட்ட இந்திய அதிகாரிகளில் அவரே உயர்ந்த பதவியில் இருந்தவர். மகாவீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பிரதமர் நேரு முன்னிலையில், டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் அடக்கத்தலத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். மதனியின் ஆசான் மஹ்மூத் ஹசன் 1920இல் தொடங்கி வைத்த கல்வி நிலையம் அது.