இஸ்திகாராவும் கல்லூரி விண்ணப்பமும்

பிளஸ் டூ முடிவு வந்ததும், "ஹஜ்ரத், இஸ்திகாரா தொழுதேன், கனவு ஒன்றும் வரவில்லையே" என்று நம்மிடம் கலங்குவோர் உண்டு. கனவு வரவேண்டும் என்று ஹதீஸில் எங்கே இருக்கிறது? நலமாயின் எளிதாக்கவும், தீங்காயின் திருப்பிவிடவும் ரப்பிடம் கேட்பதே இஸ்திகாரா. கேட்டபின் மஷ்வரா செய்து அடியெடுத்து வைக்க வேண்டியதுதான்.

வாழ்வின் நோக்கம் வணக்கம் என்று குர்ஆன் சொல்லிவிட்டது. நாம் தேடவேண்டியது ஹலாலான தொழிலைத்தான். அதில் வழி மாறுவது குற்றமன்று.

நம் திருச்சியையே பாருங்கள். 1950-ல் இராமேஸ்வரத்து இமாம் ஒருவரின் மகன் புனித வளனார் கல்லூரியில் சேர்ந்தார். பௌதிகம் படித்து முடிக்கையில்தான் தமக்கு உகந்தது பொறியியல் என்று உணர்ந்தார். சென்னை எம்.ஐ.டி.யில் சேர, அக்கா ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்தார். (அந்தப் பெண்மணியின் ஈகையைப் பேசுவோர் குறைவு!) பிறகு விமானப்படைத் தேர்வு: இடம் எட்டு, அவரோ ஒன்பதாவது. அக்கதவு மூடியதால் ராக்கெட்டுக்குத் திரும்பியவர்தாம் அப்துல் கலாம். அவரோடு படித்த ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், பொறியாளராக உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுத்தாளர் சுஜாதாவானார்.

ஆகவே தம்பி, கனவுக்குக் காத்திராதே. விண்ணப்பத்தின் கடைசித் தேதி காத்திராது. இன்று இஷாவுக்குப் பின் இரண்டு ரக்அத் தொழு. காலையில் அத்தாவிடம் உட்கார்ந்து பேசு.